புதையல் கம்பெனி ஷேர்: தங்கம் கிடைக்கல, பேப்பருக்குத்தான் மவுசு!

"இந்த ஷேரை வாங்குங்க, புதையல் கிடைச்சா உங்களுக்கும் பங்கு"ன்னு ஒருத்தர் சொன்னா வாங்குவீங்களா? 1893-ல் நிஜமாவே இப்படி ஷேர் வித்தாங்க.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஓக் தீவு இருக்கு. அங்கே ஒரு குழிக்குள் புதையல் இருக்கிறதா ரொம்ப காலமா ஒரு நம்பிக்கை. அதைத் தோண்ட ஃபிரெடரிக் பிளேர் ஆரம்பிச்சதுதான் 'ஓக் ஐலண்ட் ட்ரெஷர் கம்பெனி'. ஒரு ஷேர் 5 டாலர், மொத்த முதல் 60,000 டாலர். தோண்டத் தோண்ட தண்ணிதான் வந்தது.

1909-ல் 'ஓல்ட் கோல்ட் சால்வேஜ்' கம்பெனி வந்தது. அதில் பணம் போட்டவர்களில் 27 வயது வக்கீல் ஒருவரும் உண்டு. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்தான் அவர்! கம்பெனியை நடத்திய ஹென்றி பவ்டாயினே 1911-ல், அங்கே புதையலே இல்லைன்னு பத்திரிகையில் எழுதிட்டார்.

பேப்பருக்கு ஏன் விலை?

பழைய ஷேர் பத்திரங்களைச் சேகரிக்கிற பொழுதுபோக்குக்கு 'ஸ்கிரிப்போஃபிலி'ன்னு பேரு. கம்பெனி மூடியாச்சு, டிவிடெண்ட் வராது. ஆனா பத்திரத்தோட கதை, அச்சு அழகு, கையெழுத்து, எத்தனை பிரதி மிச்சம் இருக்கு என்பதை வச்சு விலை ஏறும்.

ஒரு சின்ன கணக்கு

1893-ல் அந்த 5 டாலரை வருஷத்துக்கு 5% கூட்டு வட்டியில் போட்டிருந்தா, 130 வருஷத்தில் சுமார் 2,800 டாலர் ஆகியிருக்கும். அதாவது, இன்னைக்கு அந்தப் பத்திரம் 1,000 டாலருக்கு வித்தாலும், "5 டாலர் 200 மடங்கு ஆச்சு"ன்னு துள்ள முடியாது. சாதாரண வட்டியைவிட அது குறைவுதான்!

வாங்க ஆசையா? இதைப் பாருங்க

* அசலா, மறுஅச்சா? கையெழுத்து மையில் போட்டதா, அச்சடிச்சதா?
* "ரூஸ்வெல்ட் கம்பெனி"ன்னு சொல்லி விலை ஏத்துவாங்க. அவர் பணம் போட்ட கம்பெனி பத்திரம் வேற, அவர் பேரில் கொடுத்த பத்திரம் வேற.
* மடிப்பு, கிழிசல், கறை இருந்தா விலை குறையும்.
* அவசரத்துக்கு விற்க முடியாது. ஆள் கிடைக்கணும், ஏலக் கமிஷனும் போகும்.

அதனால எமர்ஜென்சி ஃபண்ட், இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் போக மிச்சம் இருக்கிற பணத்தில், சினிமா டிக்கெட் வாங்குற மனசோட வாங்குங்க. முதலீடுன்னு நினைச்சு வாங்காதீங்க.

ஃப்ரேம் போட்டு மாட்டினா ஒரு லாபம் நிச்சயம். அடுத்த தடவை யாராவது "உறுதியான மல்டிபேகர்"னு டிப்ஸ் அனுப்பும்போது, ஒரு தடவை சுவரைத் திரும்பிப் பார்ப்பீங்க. அன்னைக்கு 5 டாலர் கொடுத்தவங்களும் வாங்கினது ஒரு கதையைத்தான்.

உங்க வீட்டுல பழைய ஷேர் பத்திரம் ஏதாவது இருக்கா? கமெண்ட்ல சொல்லுங்க!