பட்டனைத் தட்டினால் கோடு வரும்... அதை நம்பலாமா? - ராமன் மைக்ரோஸ்கோப் பயிற்சியில் என்ன கற்றுத் தருகிறார்கள்?

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். `ராமன் விளைவு என்றால் என்ன?' என்ற கேள்விக்குப் பதில் எழுதி மார்க் வாங்கியவர்கள் நம்மில் நிறைய பேர். ஆனால், இயற்பியலிலோ வேதியியலிலோ பட்டம் வாங்கிய பிறகும் அந்த விளைவை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள் ஏராளம். காரணம், கருவியின் விலை. நல்ல ராமன் மைக்ரோஸ்கோப் ஒன்றின் விலை கோடி ரூபாயைக்கூடத் தாண்டும். எல்லாக் கல்லூரிகளாலும் வாங்க முடியாது.

இந்தக் குறையைப் போக்கத்தான் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் சில நாள் செய்முறைப் பயிற்சிகளை நடத்துகின்றன. அங்கே அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

பொருளின் கைரேகை

ஒரு பொருளின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் திரும்பும். ஏறக்குறைய கோடியில் ஓர் ஒளித்துகள் மட்டும் நிறம் மாறி வரும். அந்தப் பொருளின் மூலக்கூறுகள் அதிரும் விதம்தான் எவ்வளவு மாறும் என்பதை முடிவு செய்கிறது. ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதமாக அதிரும் என்பதால், நிற மாற்றம் அதன் கைரேகை போல.

1928-ல் கொல்கத்தாவில் சர் சி.வி.ராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணனும் இதைக் கண்டறிந்தபோது லேசர் கிடையாது. பாதரச விளக்கின் ஒளியை வைத்து, போட்டோ தட்டில் மணிக்கணக்கில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இன்று லேசரையும் மைக்ரோஸ்கோப்பையும் இணைத்து, தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு சிறிய புள்ளியைக்கூட சில நொடிகளில் ஆராயலாம். பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டர் திரையில் வரைபடம் வந்துவிடும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தப்பாக அளந்தாலும் வரைபடம் வரும்!

முதலில் எடைக்கல்

கடைக்காரர் தராசைச் சரிபார்ப்பதுபோல, முதலில் சிறிய சிலிக்கான் துண்டை வைத்துக் கருவியைச் சரிபார்க்கச் சொல்வார்கள். சிலிக்கானின் கோடு 520.5 என்ற அளவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 523-ல் நின்றால், அடுத்து அளக்கும் எல்லாமே தள்ளித்தான் நிற்கும். லேசர் ஓடும்போது ஐபீஸில் கண் வைக்கக் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும் என்பவையும் முதல் நாளே பழக வேண்டியவை.

அளக்கும்போதே மாறிவிடும்!

மாக்னடைட் என்ற கறுப்பு இரும்புத் தாதுவை வைத்து லேசரின் சக்தியைக் கூட்டினால், அந்த இடம் சூடாகி, காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து ஹெமடைட் என்ற வேறு தாதுவாக மாறிவிடும். கருவியும் `இது ஹெமடைட்' என்றே காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. அளந்தவர்தான் பொருளை மாற்றிவிட்டார். அகழாய்வில் கிடைத்த ஒரே ஒரு இரும்புத் துண்டில் இப்படி நடந்தால், அந்தப் புள்ளியைத் திரும்பப் பெற முடியாது. `குறைந்த சக்தியில் தொடங்கு, அளந்த பிறகு அந்த இடத்தைப் படம் பிடித்துப் பார்' என்பதைச் செய்து பார்த்துத்தான் பழக முடியும்.

எல்லாக் கோடும் கோடல்ல

வரைபடத்தில் திடீரென ஊசிபோல ஒரு கோடு நிற்கும். புதுப் பொருளைக் கண்டுபிடித்துவிட்டோமா என்று தோன்றும். விண்வெளியிலிருந்து வந்த காஸ்மிக் கதிர் சென்சாரில் பட்ட தடமாக இருக்கலாம். மறுபடி அளந்தால் அந்தக் கோடு இருக்காது. அறையின் டியூப்லைட்டும், மாதிரியை வைத்த கண்ணாடித் தகடும்கூடத் தங்கள் பங்குக்கு எதையாவது சேர்த்துவிடும். சில பொருள்கள் தாமே ஒளிர்ந்து உண்மையான கோடுகளை மூழ்கடித்துவிடும். அப்போது பச்சை லேசரை விட்டு, 785 நானோமீட்டர் லேசருக்கு மாறிப் பார்ப்பார்கள்.

வைரம் தெரியும்... தங்கம் தெரியாது!

வைரம் 1332 என்ற இடத்தில் ஒற்றைக் கூர்மையான கோடு தரும். வைரம்போல மின்னும் கியூபிக் ஸிர்கோனியாவில் அந்தக் கோடு வராது. ஆனால், ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அதே 1332-ஐத்தான் காட்டும், அதுவும் வைரம்தானே! அது பூமியில் விளைந்ததா, ஆய்வகத்தில் விளைந்ததா என்று சொல்ல வேறு சோதனைகள் வேண்டும். சுத்தத் தங்கத்தை வைத்தாலோ கைரேகையே கிடைக்காது. கருவியால் சொல்ல முடியாதது எது என்று தெரிந்துகொள்வதும் பயிற்சியில் பாதி.

மருந்துக் கம்பெனிகள், பெயின்ட், பிளாஸ்டிக் ஆலைகள், தடயவியல் ஆய்வகங்கள், நுண்பிளாஸ்டிக்கைத் தேடும் சூழலியல் ஆய்வுகள் என இந்தத் திறமைக்குத் தேவை இருக்கிறது. மாத்திரை போலியா என்ற கேள்விக்கு இந்த வரைபடத்தைப் பார்த்து ஒருவர் பதில் சொல்லும்போது, அந்தப் பதிலை நம்பி விழுங்கப்போவது ஒரு நோயாளி.

சேரும் முன் கேளுங்கள்

* ஒரு கருவிக்கு எத்தனை பேர்? நாமே இயக்கலாமா, வேடிக்கை மட்டும்தானா?
* நம்முடைய மாதிரியைக் கொண்டு வரலாமா?
* சிலிக்கான் சரிபார்ப்பை நம் கையால் செய்ய விடுவார்களா?
* வரைபடத்தைப் படித்து விளக்கவும் வகுப்பு உண்டா?

நாட்டின் ஆய்வுக் கருவிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடலாம். பயிற்சி அறிவிப்புகளுக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கங்களையும் அவ்வப்போது பாருங்கள்.

சான்றிதழ் எல்லோருக்கும் கிடைக்கும். திரையில் ஒரு கோடு வந்ததும், `இன்னொரு முறை அளந்து பார்த்துவிடலாம்' என்று தோன்றினால்தான் பயிற்சி பலித்தது என்று அர்த்தம்.