அன்னையர் ஏட்டில் வாழ்ந்த பாட்டு

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில், 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தைக் காணாத நம்மவர் மிகச் சிலரே. அதன் மணிக்கூண்டையும், தரையிற் பதித்த சீன ஓடுகளையும் கண்டு வியக்கிறோம். ஆயின், அத்தெருவின் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாக ஒலித்த பெண்களின் பாட்டை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

கொச்சி யூதருக்கு வழிபாட்டு மொழி எபிரேயம். வீட்டு மொழி மலையாளம். திருமணம் முதலிய மங்கல நாட்களில் பெண்கள் ஒன்றுகூடி மலையாளத்திற் பாடினர். வேதக் கதைகள், மணமக்கள் வாழ்த்து, ஜெப ஆலயம் எழுந்த வரலாறு, கிளியை விளித்துப் பாடுவது எனப் பாடுபொருள் பலவாகும். தமிழோடு ஒட்டிய பழஞ்சொற்களும் எபிரேயச் சொற்களும் அவற்றில் விரவி நிற்கின்றன. ஆடவர் முன்னிலையில் பெண்கள் பாடலாகாது என்பது வேறு பல யூத சமூகங்களின் வழக்கம். இங்கு அத்தடை இல்லை. பாடல்களைப் பெண்களே குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். தாயின் ஏடு மகளுக்கு வழிகாட்டிற்று.

1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியது. 1950-களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். அங்கு வளர்ந்த பிள்ளைகளின் நாவில் எபிரேயம் குடிகொண்டது. மலையாளம் பாட்டிமாரோடு ஒதுங்கியது. பாட்டு ஏடுகள் பெட்டிக்குள் உறங்கலாயின.

அவ்வுறக்கம் 1970-களில் கலைந்தது. பார்பரா ஜான்சன், ஷெர்லி ஐசன்பர்க் முதலிய ஆய்வாளர்கள் ஏடுகளைத் தேடித் திரட்டினர். மூதாட்டியரைப் பாடச் சொல்லி ஒலிப்பதிவு செய்தனர். கொச்சியிற் பிறந்து இஸ்ரேலில் குடியேறிய ரூபி டேனியல் அம்மையார் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து உதவினார். 2004-இல் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் அப்பாடல்களை ஒலித்தட்டாக வெளியிட்டது. மறு ஆண்டில், பேராசிரியர் ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் எபிரேய மொழிபெயர்ப்புடன் பதிப்பித்த ‘கார்குழலி’ ஜெருசலேமில் வெளிவந்தது. இஸ்ரேல்வாழ் கொச்சிப் பெண்கள் குழுவாகக் கூடி மேடையிலும் பாடினர்.

ஈண்டு நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. ஏடுகள் சொல்லைக் காத்தன, மெட்டைக் காக்கவில்லை. பாடியவர் மறையுமுன் பதிவான பாட்டு இன்றும் ஒலிக்கிறது. மெட்டறிந்தவர் மறைந்த பின் கிடைத்த பாட்டோ எழுத்தாக மட்டுமே நிற்கிறது.

நாமும் ஊர் விட்டு ஊர் வந்தவர்களே. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர், அது நன்றே. ஆயினும் நம் இல்லத்து முதியோர் அறிந்த தாலாட்டும், நலங்குப் பாட்டும், கும்மியும், ஒப்பாரியும் யாரிடம் சேரும்? வரும் ஞாயிறன்று பாட்டியை அருகில் அமர்த்திப் பாடச் சொல்லுங்கள். சொல்லை ஏட்டில் எழுதுங்கள்; குரலைக் கைப்பேசியிற் பதியுங்கள்; எந்த ஊரில், யாரிடம் கற்றார் என்பதையும் குறித்து வையுங்கள். பின்னர், அப்பாட்டைப் பேரப்பிள்ளை பாடக் கேளுங்கள். பாடும் நா ஒன்று இருக்கும்வரை பாட்டுக்கு அழிவில்லை.