கச்சேரியா, வித்தையா? குன்னக்குடி வயலின் மீது அப்படி என்ன கோபம்?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறும் பஸ்ஸிலோ, ஆடிக் கிருத்திகை அன்னிக்குக் கோயில் ஸ்பீக்கரிலோ, மதுரை சோமு உருகி உருகிப் பாடும் அந்த மருதமலைப் பாட்டைக் கேட்காத ஆள் இருக்க முடியாது. 1972-ல் வந்த ‘தெய்வம்’ படப் பாட்டு. எழுதியவர் கண்ணதாசன். இசை யாருன்னு கேட்டால் மட்டும் பலருக்குச் சட்டென்று பெயர் வராது.

இசை, குன்னக்குடி வைத்தியநாதன். ஆமாம், அந்த வயலின்காரரேதான். நெற்றி நிறைய விபூதிப் பட்டை, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு, பளபளக்கும் சட்டை. வாசிக்கும்போது வில்லைவிட வேகமாக முகபாவம் மாறும். நம்ம அப்பா, அம்மா தலைமுறைக்கு வயலின் என்றாலே இவர் முகம்தான்.

ஆனால் அவர் பெயரை எடுத்தால் கர்நாடக இசை ரசிகர்கள் இன்னிக்கும் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ‘மேதை’ என்று ஒரு கட்சி, ‘வித்தை காட்டினார்’ என்று இன்னொன்று. ஏன் இந்தச் சண்டை?

பக்கத்தில் உட்காரும் வாத்தியம்

1935 மார்ச் 2-ல் பிறந்தவர். ஊர், காரைக்குடி பக்கம் முருகன் மலைக்கோயில் இருக்கும் குன்னக்குடி. முதல் குரு அப்பா ராமசாமி சாஸ்திரிதான். சின்ன வயதிலேயே அரியக்குடி ராமானுஜ அய்யங்கார், செம்மங்குடி சீனிவாச அய்யர் மாதிரி ஜாம்பவான்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்.

இந்தப் ‘பக்கவாத்தியம்’ என்ற வார்த்தையில்தான் விஷயமே இருக்கு. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி, தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு போன்றவர்கள் 19-ம் நூற்றாண்டில் அதை நம்ம இசைக்குப் பழக்கினார்கள். நின்றுகொண்டு வாசிப்பதைத் தரையில் உட்கார்ந்து வாசிப்பதாக மாற்றினார்கள். வயலினின் ஒரு முனை மார்பில், மறுமுனை காலில். பிடித்துக்கொள்ளும் வேலை கைக்கு இல்லை என்பதால் விரல்கள் தந்தியில் இஷ்டம்போல வழுக்கலாம், கமகம் வரும். மனிதக் குரலுக்கு இவ்வளவு பக்கத்தில் வருவதால் பாடகருக்குத் துணையாகவே அது மேடையில் நிலைத்தது.

துணை என்றால் துணைதான். பாடகர் ராகத்தில் ஒரு பிடி பிடித்தால் பின்னாடியே நிழலாகப் போகணும், முந்தக் கூடாது. லால்குடி ஜெயராமன், எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன், டி.என்.கிருஷ்ணன் மூவரும் தனிக்கச்சேரியில் கொடிகட்டிப் பறந்தவர்கள். ஆனாலும் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் வாசித்தவர்கள் அவர்கள்.

குன்னக்குடி விட்டார். 1976-ல் பக்கவாத்தியமே வேண்டாம், இனி தனி வயலின் மட்டும் என்று முடிவெடுத்தார். சாதாரண ரிஸ்க் இல்லை இது. அதுவரை பெரிய பாடகர்கள் கச்சேரிக்கு வந்த கூட்டம் பாடகருக்காக வந்தது. இனி ஒரு பாட்டு வரிகூட இல்லாமல் மூன்று மணி நேரம் ஜனங்களை உட்கார வைக்கணும்.

தவில் வந்தது, கூட்டமும் வந்தது

சினிமா அதை அவருக்கு ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருந்தது என்றுதான் தோன்றுகிறது. ஏ.பி.நாகராஜனின் ‘வா ராஜா வா’ (1969) மூலம் இசையமைப்பாளர் ஆனவர். அடுத்து ‘திருமலை தென்குமரி’, ‘அகத்தியர்’. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) இசையும் இவர்தான். ராகம் தெரியாதவனும் சீட்டு நுனிக்கு வருவது எப்போது என்பது இந்த ஆளுக்குத் தெரியும்.

மேடையில் மிருதங்கம் இருக்கும் இடத்துக்குத் தவிலைக் கொண்டுவந்தார். தவில் நாகஸ்வரத்தோடு கோயில் வீதியில் முழங்கும் வாத்தியம், வயலினோ நாலு தந்தி. இந்த ஜோடி எடுபடுமா? வலையப்பட்டி ஏ.ஆர்.சுப்பிரமணியம் தவிலில் சொல்லச் சொல்ல, இவர் வயலினில் பதில் சொல்லும் இடங்களைக் கேட்டால் அந்தக் கேள்வியே மறந்துபோகும். நடுவில் சினிமாப் பாட்டும் வாசிப்பார். வயலினைப் பேச வைப்பார். கூட்டம் விசில் அடிக்கும்.

அந்த விசில்தான் பிரச்சினை. கைதட்டலுக்காக ராகத்தை விற்கிறார் என்றார்கள். முழுக்கப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. வேகம் ஏற ஏற, ராகம் மூச்சுவிட இடமில்லாமல் போகும் தருணங்கள் அவர் வாசிப்பில் உண்டு. ஆனால் டிசம்பர் சீசனில் சென்னை வந்து சபா டிக்கெட் எடுக்கவே வழியில்லாத ஜனம் கர்நாடக ராகத்தை எங்கே போய்க் கேட்கும்? அவர் அந்த ஜனத்துக்காக வாசித்தார். அதை மட்டமான வேலை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்று, இவர் சம்பிரதாயத்துக்கு வெளியே நின்ற கலகக்காரரும் இல்லை. திருவையாறு தியாகராஜர் ஆராதனை விழாவைச் செயலாளராகப் பல வருஷம் நடத்தியவர். ராகங்களுக்கு நோய் தீர்க்கும் சக்தி உண்டு என்று நம்பி அதற்கென ஆய்வு மையமே தொடங்கியவர். (இதை மருத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது அவருடைய நம்பிக்கை.) ‘தோடி ராகம்’ என்று ஒரு படம் தயாரித்து, பாடகர் டி.என்.சேஷகோபாலனையே ஹீரோ ஆக்கினார்.

பத்மஸ்ரீ, சங்கீத நாடக அகாடமி விருது, கலைமாமணி எல்லாம் கிடைத்தன. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி மட்டும் கடைசிவரை வரவில்லை. 2008 செப்டம்பர் 8-ல் சென்னையில் காலமானார். வயது 73.

புதுசாகக் கேட்பவர்களுக்கு ஒரு யோசனை: ஹெட்போனை மாட்டி, முதலில் ‘அகத்தியர்’ படத்தில் சீர்காழி கோவிந்தராஜனும் டி.எம்.சௌந்தரராஜனும் மோதும் அகத்தியர் – ராவணன் போட்டிப் பாட்டு. அப்புறம் வலையப்பட்டியோடு ஒரு முழுக் கச்சேரி. எந்தக் கட்சி என்று அதற்குப் பிறகு முடிவு பண்ணிக்கலாம்.