பின்னால் வருகிற நாய்க்கு ஊர் எது?

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் கல்முனை – அக்கரைப்பற்று வீதியில் காவி வேட்டிகள் தென்படும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து புறப்பட்ட கதிர்காம யாத்திரிகர்கள் காரைதீவு, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று கரையோரமாக இறங்குவார்கள். எங்கள் இறக்காமம் அந்த வழியில் இல்லை. குளமும் வட்டையுமாக உள்ளே தள்ளியிருக்கிற ஊர். ஆனால் நடக்கிற மனிதனின் பின்னால் நாய் போவது இங்கே எவருக்கும் புதிதில்லை. விதைப்புக் காலத்தில் வயலை விட்டு மேய்ச்சல் தரைக்கு மாட்டுப்பட்டியைச் சாய்த்துப் போகிறவர்களோடு நாயும் போகும். பட்டி திரும்பும்போது அதுவும் திரும்பும்.

யாத்திரையில் சேர்ந்துகொள்கிற நாய்க்கு இந்தத் திரும்புதல் இல்லை.

2019 ஒக்டோபர் 31ஆம் திகதி திருமலையிலிருந்து (ஆந்திரா) 13 ஐயப்ப பக்தர்கள் சபரிமலைக்கு நடக்கத் தொடங்கினார்கள். வழியில் ஒரு கட்டாக்காலி நாய் ஒட்டிக்கொண்டது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பின்பு தமக்குச் சமைத்ததில் அதற்கும் ஒரு பங்கு வைத்தார்கள். கர்நாடகத்தின் சிக்மகளூரு மாவட்டத்தை அடைந்தபோது அது 480 கிலோமீற்றர் நடந்திருந்தது. இந்தியப் பத்திரிகைகள் பக்தியைப் பாராட்டி எழுதின. அதே செய்திகளில் இன்னொரு விவரமும் இருந்தது: வழியில் அதன் பாதம் புண்பட்டு, மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டியிருந்தது.

நடைப்பயணத்தில் நாயின் ஒரு நாளை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தால் அந்தப் புண் எங்கிருந்து வருகிறது என்று விளங்கும். யாத்திரிகர்கள் விடிவதற்கு முன்னரே கிளம்பிவிடுகிறார்கள். குளிர்ந்த வீதியில் நாய் முன்னே ஓடும், திரும்பி வரும், வேலியோரம் மோந்துவிட்டு மறுபடி ஓடும். மனிதன் பத்துக் கிலோமீற்றர் நடக்கிற நேரத்தில் அது இன்னும் அதிகம் நடந்திருக்கும். பத்து மணிக்குத் தார் கொதிக்கிறது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். உடம்புச் சூட்டை நாக்கைத் தொங்கவிட்டு, மூச்சிரைத்துத்தான் ஆற்றவேண்டும். புறங்கையை வீதியில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. நடுப்பகலில் மடத்திலும் மரநிழலிலும் மனிதர்கள் சாய்கிறார்கள். தண்ணீர்ப் பந்தலில் மோரும் சர்பத்தும் கிடைக்கின்றன, குவளையில். நாய் குடிக்கும் உயரத்தில் எதுவும் இல்லை.

இருட்டினால் அடுத்த ஆபத்து. தங்குகிற ஒவ்வொரு ஊரும் வேறு நாய்களின் எல்லை. கடிபடாமல் விடியக் காண்பது அரிது. மனிதருக்கு வருகிற விசர்நாய்க்கடி நோயில் 99 வீதம் நாய்களாலேயே பரவுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தடுப்பூசி போட்டதா என்று எவருக்கும் தெரியாத ஒரு நாய் மாவட்டம் விட்டு மாவட்டம் கடிபட்டபடி நடப்பதை அன்பு என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட முடியாது.

முஸ்லிம் ஊர்களில் இந்தப் பேச்சை எடுத்தால் நஜீஸ் (அசுத்தம்) என்பதுதான் முதல் பதில். ஷாபிஈ மத்ஹபில் நாயின் எச்சில் பட்டால் ஏழு தரம், அதில் ஒரு தரம் மண் கலந்து, கழுவ வேண்டும். அந்தச் சட்டம் இருக்கட்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஓதப்படும் குர்ஆனின் கஹ்ஃபு சூறாவில் குகைத் தோழர்களின் நாய் முன்னங்கால்களை நீட்டி வாசலில் கிடக்கிறது. தோழர்கள் எத்தனை பேர் என்ற கணக்கிலும் அது ஒவ்வொரு தடவையும் சேர்த்துச் சொல்லப்படுகிறது. கதிர்காமத்துப் பள்ளிவாசலோடு பெயர் சேர்ந்திருக்கும் ஹிழ்ர் நபியை மூஸா நபி சந்திக்கிற பயணமும் அதே சூறாவில்தான். தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிப் பாதணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவனுக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை மதரஸாப் பிள்ளைகளே சொல்வார்கள். அவனும் ஒரு வழிப்போக்கன்தான்.

உலகமே பார்த்த நாய் ஆலோகா. இந்தியாவில் நடந்த பௌத்த பிக்குகளின் பின்னால் வந்து சேர்ந்த தெருநாய் அது. 2025 ஒக்டோபர் 26ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து சமாதான நடை புறப்பட்டபோது அதுவும் கூடவே இருந்தது. 108 நாள், ஏறத்தாழ 3,700 கிலோமீற்றர். பெப்ரவரி 10இல் வாஷிங்டன். ஆனால் ஜனவரியிலேயே அதன் பின்னங்கால் மூட்டு ஜவ்வுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கூடவே வாகனம் வந்தது, வைத்தியம் கிடைத்தது, முடியாத நாட்களில் ஏற்றிக்கொண்டார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிது, அந்த நாயைத் தங்களுடையது என்று அவர்கள் எப்போதோ ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

நம் கதிர்காம வழியில் அந்த ஏற்பாடு இல்லை. உகந்தை முருகன் கோயிலுக்கு அப்பால் குமண, கும்புக்கன் ஆறு, யால. தேசியப் பூங்காவுக்குள் வளர்ப்புப் பிராணியைக் கொண்டுபோக அனுமதி கிடையாது. சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. கோமாரியில் பின்தொடர்ந்தாலும் காரைதீவில் பின்தொடர்ந்தாலும், அந்த நாய் நிற்க வேண்டிய இடம் உகந்தைதான். அங்கே அதற்குத் தெரிந்த தெருவுமில்லை, சோறு வைக்கும் வீடுமில்லை.

வழித்துணையாக வந்த உயிரைத் துரத்துவது பாவம் என்று யாத்திரிகர்களில் சிலர் சொல்வார்கள். அவர்களின் மனவருத்தம் உண்மையானது. ஆனால் முதல் நாளில், முதல் சந்தியில், இன்னும் ஊர் எல்லை தாண்டாத நேரத்தில் திருப்பி அனுப்புவதற்கும் நூறு கிலோமீற்றருக்கு அப்பால் விட்டுப்போவதற்கும் வித்தியாசம் உண்டு. முதல் பிஸ்கட்டைப் போடும்போதே அந்தக் கேள்வி தொடங்கிவிடுகிறது: இதை யார் திருப்பிக் கொண்டுவருவது?

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில், குவளைகளிலிருந்து தள்ளி, தரையில் ஒரு மண்சட்டி. நாய் எந்த ஊரில் சேர்ந்தது என்று எழுதிக் கழுத்தில் கட்ட ஒரு துணி. யாத்திரிகர்களின் மூட்டைகளையும் அரிசியையும் உகந்தையில் இறக்கிவிட்டுப் பொத்துவில், அக்கரைப்பற்றுப் பக்கம் வெறுமையாகத் திரும்புகிற லொறிகளில் அதற்கும் ஒரு மூலை.