கருமணலுக்குள் ஒரு சிவப்பு

உத்திரமேரூர்ப் பக்கம் பெருமழை பெய்து வாய்க்கால் வடிந்த மறுநாள் பாருங்கள், மணல்மேல் கறுப்புக் கோடுகள் படிந்திருக்கும். வடகிழக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலிலும் இதைக் காணலாம். கனமான மணிகள் இவை. லேசான மணலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போக, இவை தங்கிவிடுகின்றன. காந்தத்தைக் காட்டினால் ஒரு பகுதி துள்ளி ஒட்டும். ஒட்டுவது பெரும்பாலும் மேக்னடைட், பாறை சிதைந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு.

அதில் மூன்று இரும்புக்கு நான்கு ஆக்சிஜன். இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் சேர்ந்தால் இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில் ஹெமடைட் ஆகும். ஆக்சிஜன் உள்ளே புகுந்துதான் இது நடக்கும் என்றே யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு, உள்ளிருக்கும் இரும்புதான் வெளியே வருகிறது.

அமெரிக்க, ஸ்பானிய ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இதைக் கண்ணால் பார்த்தார்கள். மேக்னடைட் படிகத்தைச் சுமார் 650 டிகிரி செல்சியஸில் ஆக்சிஜன்பட வைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கவனித்தபோது, பரப்பிலிருந்த அணுப் படிகள் ஓயாமல் முன்னேறின. வெளியே வந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து புதிய மேக்னடைட்டாகவே அடுக்கடுக்காக வளர்ந்தது. மேலே வளர்ச்சி, உள்ளே இரும்புப் பஞ்சம்! பஞ்சம் முற்றிய இடங்களில் ஹெமடைட் முளைத்தது.

முளைத்தது நினைத்த திசையிலெல்லாம் பரவிவிடாது. இரண்டு கனிமங்களிலும் ஆக்சிஜன் அணுக்கள் சந்தையில் எலுமிச்சையை அடுக்குவதுபோல அடுக்கப்பட்டவை. மூன்றாம் அடுக்கை எங்கே வைப்பது என்பதில்தான் வேறுபாடு. அதனால் பழைய அடுக்கின் தளத்தை அப்படியே பிடித்துக்கொண்டு, ஹெமடைட் மெல்லிய தகடுகளாக நீள்கிறது. விரிசல்களும் விளிம்புகளும் அதற்கு வசதியான தொடக்க இடங்கள். இயற்கையில் சில மணிகள் முழுவதுமே மாறிப்போயிருக்கும், ஆனால் எண்முக வடிவம் மட்டும் மேக்னடைட்டுடையதாகவே நிற்கும். அதற்கு மார்ட்டைட் என்று பெயர். வெளித்தோற்றத்தை நம்பிக் கனிமத்துக்குப் பெயர் வைப்பவர்களை ஏமாற்ற இதைவிட வேறு வேண்டாம்.

மேக்னடைட்டையும் ஹெமடைட்டையும் பிரித்தறியக் காந்தம் மட்டும் போதுமா என்றால், போதாது. குறைந்த வெப்பத்தில் மேக்னடைட் மேகமைட்டாகவும் மாறும். சேர்மானம் ஹெமடைட்டினுடையது, அணு அடுக்கு ஏறக்குறைய பழையதே. அதுவும் காந்தத்தில் ஒட்டும். ஒட்டாத கறுப்பு மணியோ இல்மனைட் என்ற வேறொரு கனிமமாகவும் இருக்கலாம். மெருகிடாத வெள்ளை ஓட்டில் தேய்த்துப் பார்ப்பதே எளிய வழி: மேக்னடைட் கறுப்பாகக் கீறும், ஹெமடைட் செம்பழுப்பாகக் கீறும்.