திருத்தி எழுதிய கணக்கு

ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் நேரத்தில் வாயாடிகளும் அடங்கிவிடுவார்கள். எல்லார் கண்ணும் கிராணியின் பென்சில் மேல்தான். வாளியில் எத்தனை கிலோ, தண்ணீர் போக ரப்பர் எவ்வளவு என்று அவர் எழுதுவதே அன்றைய கூலி. பள்ளிக்கூடம் போகாதவரும் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். 'போன வாரம் தப்பா எழுதிட்டேன், இப்போ திருத்திட்டேன்' என்று கிராணி சொன்னால், திருத்தம் நியாயமானதாகவே இருக்கட்டும், மறுநாளிலிருந்து தராசை முறைத்துப் பார்ப்பார்கள்.

அப்படித் தோட்டங்கள் இருந்த மலாக்காவின் சுங்கை ஊடாங்கின் முகம் மாறி வெகுநாளாகிறது. ஒருபுறம் தெரண்டாக் ராணுவ முகாம், கடலோரமாக 1990களில் எழுந்த பெட்ரோனாஸ் சுத்திகரிப்பு ஆலை. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒப்பந்தக் கம்பெனிகளின் சட்டை போட்டுக்கொண்டு ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் 'ஷட்டவுன்' வேலைக்குப் போகிறார்கள். நிறுப்பவர் யார் என்பது மட்டும் இப்போது கண்ணில் படுவதில்லை.

எண்ணெய், எரிவாயு ஆலைகளுக்கு இப்படிப் பராமரிப்பு வேலை செய்த செர்பா டினாமிக் நிறுவனம் 2017 பிப்ரவரியில் பங்குச் சந்தைக்கு வந்தது. ஒரு பங்கு 1.50 வெள்ளி. நான்கே ஆண்டில், 2021 மே மாதம், அதன் கணக்கைத் தணிக்கை செய்த கேபிஎம்ஜி 454 கோடி வெள்ளி மதிப்புள்ள விவகாரங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. பதில் சொல்ல வேண்டிய நிறுவனம் கேள்வி கேட்டவர் மீதே வழக்குப் போட்டது, கேபிஎம்ஜி விலகிக்கொண்டது. 2020-ல் 601 கோடி வெள்ளி வருமானம் என்று காட்டியது பொய் அறிக்கை எனப் பங்கு ஆணையம் 2021 டிசம்பரில் குற்றம் சாட்டியது. 2022-ல் வழக்கு விசாரணைக்குப் போகாமலே முடிந்தது: நிறுவனத்துக்கும் அதிகாரிகளுக்கும் தலா 30 லட்சம் வெள்ளி சமரச அபராதம். கணக்கு எவ்வளவு தூரம் பொய் என்று நீதிமன்றத்தில் கேட்கும் வாய்ப்பு அத்தோடு போயிற்று. எனக்கு அபராதத் தொகையைவிட இதுதான் உறுத்துகிறது.

'நான் பங்கே வாங்கலியே, எனக்கென்ன' என்று ஆலைத் தொழிலாளி சொல்ல முடியாது. அந்த நிறுவனத்தின் பெரிய பங்குதாரர்களில் ஊழியர் சேமநிதி வாரியமும் ஒன்றாக இருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் காசு அவரைக் கேட்காமலே அங்கே போயிருந்தது.

இதற்கு முன்னோடி டிரான்ஸ்மைல். சரக்கு விமானம் ஓட்டிய அந்த நிறுவனத்தின் விற்பனைக்கு 2007-ல் தணிக்கையாளர்கள் ஆதாரம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கணக்கைத் திருத்தியபோது, லாபம் என்று அறிவித்த ஆண்டுகள் நஷ்டமாயின. தணிக்கைக் குழுவில் இருந்த இரண்டு சுயேச்சை இயக்குநர்களுக்கு 2011-ல் ஓராண்டுச் சிறையும் தலா 3 லட்சம் வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டன. நிறுவனர் கான் பூன் ஆனுக்குத் தீர்ப்பு வர 2020 ஆனது: 25 லட்சம் வெள்ளி அபராதம், ஒரு நாள் சிறை. ஒரு நாள்தான், அச்சுப்பிழை இல்லை.

நம்மவர்களுக்கு இந்தப் பாடம் அதற்கும் முந்தியது. 1982-ல் மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் ஏறத்தாழ 66,000 பேர் 10.6 கோடி வெள்ளி போட்டார்கள். தோட்டத்து மக்கள் நகையை விற்றும் கடன் வாங்கியும் போட்ட காசு. 1990-ல் இந்தியர்களுக்கென ஒதுக்கிய ஒரு கோடி டெலிகாம் மலேசியா பங்குகளில் 10 லட்சமே மைக்காவுக்கு வந்தது. மீதி 90 லட்சம் வேறு மூன்று கம்பெனிகளுக்குப் போனது. யார் மேலும் குற்ற வழக்கு இல்லை. 2010-ல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு கொடுத்து ஒரு தனியார் நிறுவனம் வாங்கிக்கொள்ள முன்வந்தது. இங்கே திருத்துவதற்குக்கூட யாரும் கணக்கைத் திறக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

இதனால் மக்கள் உஷாராகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 'பங்கா? வேணாம்பா' என்று கையை உதறும் அதே அக்கா, பக்கத்து லைனில் கூட்டுச் சீட்டு கட்டுகிறார். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நடத்துவது குற்றம்; தெரிந்தேதான் கட்டுகிறார். அச்சடித்த ஆண்டறிக்கை இல்லை, தணிக்கையாளர் கையெழுத்து இல்லை. கூட்டுப் பிடிக்கும் அம்மாவின் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று ராத்திரி ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார்.