கறுப்புத் திரையில் ஒரு திக் திக்

ராத்திரி பதினொன்றரை. பச்சை விளக்குகள் மினுங்கும் சர்வர் ரூமைப் பார்க்கலாம் என்று ஆசையாக ஓடினால், கிடைத்தது ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஃபிளாஸ்க்கில் டீ. நாங்கள் மாற்றப்போகும் நெட்வொர்க் ஸ்விட்ச் அடுத்த கட்டடத்து மூன்றாவது மாடியில், பூட்டிய அறைக்குள் இருக்கிறதாம். நெட்வொர்க் நண்பர் தொலைவிலிருந்தே அதற்குள் நுழைந்தார்.

வேலை சின்னது. மாணவர் லேபிலிருந்து அக்கவுன்ட்ஸ் சர்வரை யாரும் தொடக்கூடாது. மற்றதெல்லாம் வழக்கம்போல் ஓட வேண்டும்.

முதலில் அவர் அடித்தது: ‘ரீலோட் இன் 10’.

"என்ன சார், ஆரம்பத்திலேயே ரீஸ்டார்ட்டா?"

"நானே என்னை வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டால்? பத்து நிமிஷத்தில் ஸ்விட்ச் தானே எழுந்து, பழைய கான்ஃபிகோடு வந்துவிடும். எல்லாம் சரி என்று தெரியும்வரை சேமிக்கவே கூடாது."

அடேயப்பா! வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி.

சிஸ்கோ ஸ்விட்ச்சில் ஆக்சஸ் லிஸ்ட் 110 பிறந்தது: எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியல். (எங்கிருந்து, எங்கே என்று இரண்டையும் பார்க்கும் பட்டியலுக்கு 100 முதல் 199 வரை எண்.) முதல் வரி தடை: 10.10.30.0 லேபிலிருந்து 10.10.5.20 சர்வருக்கு. லேப் முகவரிக்குப் பக்கத்தில் 0.0.0.255. சப்நெட் மாஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்த உருவம்! இதை யார் யோசித்தார்களோ, அவருக்கு நல்ல குசும்பு. இரண்டாவது வரி, மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி.

அந்த இரண்டாவது வரி இல்லையென்றால் லேபே இருண்டுவிடும். பட்டியலின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி எப்போதும் உட்கார்ந்திருக்கிறது: எல்லாவற்றையும் தடு. வரிசையும் முக்கியம். பொருந்துகிற முதல் வரியோடு தீர்ப்பு முடிந்துவிடும், கீழே எழுதியதை ஸ்விட்ச் சட்டை செய்யாது. அனுமதியை மேலே போட்டால் தடை வெறும் அலங்காரம்.

லேபின் விலானில், அதாவது லேபுக்கென்று பிரித்த வலைப்பகுதியில், பட்டியலை மாட்டினார். லேப் கணினியிலிருந்து பிங். சர்வர் ஜம்மென்று பதில் சொல்கிறது! நான் அவர் முகத்தைப் பார்க்க, அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். ‘இன்’ என்று மாட்ட வேண்டியதை ‘அவுட்’ என்று மாட்டியிருக்கிறார். திசை எப்போதும் ஸ்விட்ச்சின் பார்வையில்: லேபிலிருந்து கிளம்புவது அதற்கு ‘உள்ளே’ வருவது. ‘அவுட்’ காவல் அதைப் பார்க்கவே இல்லை.

மாற்றினார். பிங் செத்தது. இணையம் திறந்தது. நான் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன்.

‘ரீலோட் கேன்சல்’. அப்புறம்தான் சேமிப்பு. இன்னும் மூன்று நிமிஷம் மிச்சமிருந்தது.